எதிராக ஒரு கை

எங்கள் குட்டி நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மைதானம்கூடக் கிடையாது. ஆனால் உலகக் கோப்பையை எந்த நாட்டில் நடத்துவது என்று முடிவு செய்யும் மாநாட்டில், பெரிய நாட்டுக்கும் ஒரு ஓட்டு, எங்களுக்கும் ஒரு ஓட்டு. தலைவருக்கு மூல ஆபரேஷன் நடந்திருந்ததால், செயலாளரான நான் போக வேண்டியதாயிற்று.

"எல்லாரும் சொல்றதையே சொல்லிட்டு வந்துடும்மா. நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார் தலைவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி.

ஊர் வம்பா? எங்கள் வீட்டு வம்பு. போட்டியைக் கேட்டிருந்த ஒரே நாட்டின் சிறையில்தான் என் அக்காவின் கணவர் ஏழு மாதமாகக் கிடக்கிறார். எப்படியும் கிடைத்துவிடும் என்று அவர்கள் முன்கூட்டியே கட்டத் தொடங்கிய ஸ்டேடியத்தில் அத்தான் வெல்டர். வெயிலில் மூன்று பேர் சுருண்டு விழுந்ததும், தண்ணீரும் நிழலும் கேட்டு நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினார். கலகம் செய்தார் என்று வழக்கு. வக்கீல் அக்காவிடம் சொல்லியிருந்தார்: "மாநாட்டுல ஒரே ஒரு நாடு காரணம் சொல்லி எதிர்த்தாக்கூடப் போதும். பத்திரிகைக்காரங்க விடமாட்டாங்க. கேஸ் வெளியே வந்துடும்."

அன்றிலிருந்து அக்கா என்னைப் படுத்தியெடுத்தாள். என் பெட்டியில் துணி அடுக்கும்போதுகூட அதே பேச்சு.

"ஒரு கை. ஒரே ஒரு கை தூக்குடி. வேற எதுவும் கேக்கல."

"தூக்காம விட்டுடுவேனா? எனக்கும் அவர் அத்தான்தானே!" என்று எரிந்து விழுந்தேன். பேச வேண்டியதை நான்கு வரியில் எழுதி, குளியலறைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன்.

மாநாட்டு மண்டபத்தில் என் மேஜையில் ஓட்டுப் போடும் பொத்தானைத் தேடினேன். காணோம். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வேறொரு நாட்டுச் சங்கத்தின் தலைவர், தொழிலில் டாக்டர்.

"பொத்தானா? கேட்டிருக்கறது ஒரே நாடுதானேம்மா. கைதட்டினாப் போதும். அதுதான் ஓட்டு."

"எதிர்க்கறவங்க?"

"தட்டாம இருப்பாங்க."

"அதை யார் எண்ணுவாங்க?"

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மேடையில் அந்த நாட்டின் பெயரைச் சொன்னதும் மண்டபமே எழுந்து தட்டியது. டாக்டரும்தான். நான் மைக்கை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. மேடையிலிருந்து திறந்துவிட்டால்தான் உண்டாம். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது என்று நாற்காலிமேல் ஏறி நின்று, வலது கையை எட்டுமட்டும் தூக்கி, அந்த நான்கு வரியைத் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு போட்டோக்காரர் ஓடி வந்தார். அப்பாடா, ஒருவராவது பார்த்தாரே என்றிருந்தது. படமெடுத்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நடவடிக்கைக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று எழுதினார்கள். ஓட்டெடுப்பே நடக்காதபோது எதிர்ப்பு எப்படி இருக்க முடியும் என்று, நான் எழுதிக் கொடுத்த தாளை அலுவலகப் பெண் சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தாள். நிருபர்களைத் தேடி ஓடினேன். அவர்கள் எல்லாரும் அந்த நாட்டு அமைச்சரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பி அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீ தூக்கினே இல்ல? போதும்டி," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை அத்தானிடமிருந்து போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். கடிதமெல்லாம் கிடையாது, மாதத்துக்கு நான்கு நிமிஷப் பேச்சு மட்டும். பிள்ளைகள், மாத்திரை, வழக்கு என்று மூன்று நிமிஷம் போய்விட்டது.

"இங்க சாப்பாட்டுக் கூடத்துல பெரிசா ஒரு படம் ஒட்டியிருக்காங்க," என்றார். "உலகமே நம்மைக் கொண்டாடுதுன்னு மேல எழுதியிருக்கு. நடுவுல நாற்காலிமேல ஏறி நின்னு கை தூக்கறது நம்ம சின்னவதானே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூட இருக்கறவங்க கேட்டாங்க, யாருப்பா இந்தப் பொண்ணு, இந்தக் குதி குதிக்குதுன்னு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "அத்தான், அது எதிர்த்து..."

இணைப்பு அறுந்துவிட்டது. அடுத்த போன் வர இன்னும் ஒரு மாதம். அதுவரை மூன்று வேளையும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தான் சாப்பிட வேண்டும்.