நீ, வீடு

அப்பாவின் விரல் அடுத்த படத்தைத் தொடுவதற்குள் டார்சி சக்கர நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துவிட்டான். மோட்டார் முனகி ஓய்ந்தது. கட்டிலைத் தாண்டி நீண்டிருந்த கை எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் போர்வையின் மேல் இறங்கியது.

இரண்டு நாளாக அப்பாவுக்குப் பேச மூச்சுப் போதவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதனால்தான் வாய் பேச வராத மகனின் நாற்காலியில் பொருத்தியிருந்த பேசும் கருவிக்குக் கை நீட்டினார். எந்தப் படத்துக்குப் பின் எந்தப் படம் என்பது அவருக்கு மனப்பாடம். டார்சியின் ஆறு வயதில் அது வீட்டுக்கு வந்தபோது, ஆலைக்குக் கரும்பு ரயில் ஓட்டிவிட்டு வந்து, கை கழுவின ஈரத்தோடு மேசையில் உட்கார்ந்து அவர்தான் முதலில் கற்றார். ஆப்பிளைத் தொட்டு, ஓடுகிற மனிதனைத் தொட்டால் 'தின்னு'. அதே ஆப்பிளோடு வர்ணப்பெட்டி சேர்ந்தால் 'சிவப்பு'.

"ஒத்தப் படத்துக்கு அர்த்தம் கெடையாதுடா. அடுத்தது என்னன்னு பாக்கணும்," என்பார்.

டார்சியின் மடங்கிய விரல்முட்டி இடம் தவறி, "சிவப்பு வேணும்" என்று கருவி சொன்ன ஒருநாள், தட்டில் தக்காளி சாஸை மட்டும் பிதுக்கி அவன் முன்னால் வைத்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது டார்சிக்கு முப்பத்தைந்து. அக்கா ரேலீன் போனில் பேசியது அன்று காலையில்தான் அவன் காதில் விழுந்தது. டவுன்ஸ்வில் நகரத்தில், ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு வீட்டில் அவனுக்கு ஓர் அறை. அப்பா எப்போதோ சரி சொல்லிவிட்டாராம்.

"என்னைக் கேட்டீங்களா?" என்று அவன் கருவியில் கேட்டான். கோபமோ கொஞ்சலோ, அதற்கு ஒரே தட்டைக் குரல்தான். அப்பா இல்லையென்று தலையசைத்தார்.

ரேலீன் மருந்துக் கடைக்குக் கிளம்பியதும் விரலசைத்துக் கூப்பிட்டார். டார்சி கட்டிலை ஒட்டிப் போய் நின்றான். அப்பா தொட்டதும் கருவியில் 'நீ' வந்தது. அடுத்து வீட்டுப் படத்தைத் தொட்டார். அதன்பின் வரக்கூடிய படங்களில் மட்டும் வெளிச்சம் மினுக்கியது. நாற்காலி சேர்ந்தால் 'இங்கேயே இரு'. லாரி சேர்ந்தால் 'வீடு மாறு'. லாரிதான் என்று டார்சி நினைத்தான். அதையும் என் வாயாலேயே சொல்ல வேண்டுமா என்று நினைத்தான். அப்போதுதான் நாற்காலியை இழுத்தது.

பின்கட்டு வராந்தாவுக்குப் போய் மாமரத்தைப் பார்த்து உட்கார்ந்தான். உள்ளே மோதிரம் கட்டில் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை தட்டினால் போகலாம் என்று இருந்தான். தட்டவில்லை.

ரேலீன் வந்து பார்த்தபோது அப்பா போயிருந்தார். அவள் வராந்தாவுக்கு ஓடிவந்து டார்சியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"பாக்க முடியாம வெளிய வந்துட்டியாடா? உன்னால என்ன பண்ண முடியும். ஆளக் கூப்பிட்டுக் கத்தக்கூட முடியாதே உனக்கு."

கருவியிலிருந்தே அவளைப் போனில் கூப்பிட முடியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் அதைக் கேட்கவில்லை.

அடக்கம் முடியும்வரை டார்சி கருவியைத் தொடவே இல்லை. எதைத் தொட்டாலும் அப்பா விட்டுப்போன வீட்டுப் படம் அழிந்துவிடும். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்குவான், இல்லையென்றால் மூடுவான். பேட்டரி போச்சா என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

தேவாலயத்தில் ரேலீன் காகிதம் இல்லாமலே பேசினாள். "அப்பா தனியாப் போகல. கடைசி மூச்சு வரைக்கும் டார்சி பக்கத்துல இருந்தான். அப்பா கைய இவன்தான் தொட்டுக்கிட்டிருந்தான்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வெளியே வந்ததும் ஆலை ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அவனுடைய மூடிய முஷ்டியைப் பிடித்துக் குலுக்கினார்கள். "பெரிய மனசுடா உனக்கு," என்றார் ஒருவர். டார்சிக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. கண்ணை மூடினான். இல்லை. அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் பக்கத்து வீட்டு பெரில் கேக்கைப் பிய்த்து அவன் வாயருகே கொண்டுவந்தாள். "பாவம், அப்பா போனது புரியுதோ என்னவோ."

"நம்ம ரெண்டு பேர விடவும் அவனுக்கு நல்லாப் புரியும் பெரில்," என்றாள் ரேலீன். "வாழ்நாள் பூரா அப்பாவோட இருந்தவன். நாந்தான் பிரிஸ்பேன்ல கெடந்தேன்."

எல்லாரும் போன பின்பு அவள் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாலை வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. டார்சி அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். விரல்முட்டியைத் தூக்கி, அழிக்கிற பொத்தானில் வைத்தான். வீட்டுப் படம் அணைந்தது.

ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு படம், மூன்று படம். கை இரண்டு முறை வழுக்கியது. திரும்பவும் முதலிலிருந்து தொட்டான். ரேலீன் குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

"நான் பக்கத்துல இல்ல," என்றது கருவி.

"தெரியும்டா, கடைசி நிமிஷத்துல நீ..."

"அப்பா பேச வந்தாரு. நான் நகந்துட்டேன். தட்டிக் கூப்பிட்டாரு. நான் போகல."

வானிலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டது. அவள் கையிலிருந்து நுரை தரையில் சொட்டியது.

"அத்தன பேர் முன்னாடி நான் என்னடா சொன்னேன்?"

"தெரியும்."

"வேணும்னேவா போகாம இருந்த?"

அவன் கண்ணை மேலே தூக்கினான். அது போதாதென்று தோன்றியது. முட்டியால் தேடித் தொட்டான். "ஆமா."

ரேலீன் சுவரைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன சொல்ல வந்தாரு?" என்று கேட்டாள்.

"நீ. வீடு. அவ்ளோதான்."

ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள். அவன் பக்கம் வரவும் இல்லை, விலகவும் இல்லை.

ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களின் வழியே கருப்பாக ஒரு சாம்பல் துணுக்கு மிதந்து வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தது. அடுத்து இன்னொன்று. எதிர்ப்பக்கத்து வயலில் அறுவடைக்கு முன் கரும்புச் சோகையைக் கொளுத்திவிட்டிருந்தார்கள்.

"ஐயையோ, துணி!" என்று ரேலீன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

டார்சி சரிவுப் பலகையில் இறங்கி அவள் பின்னால் போனான். கொடி முழுக்க அப்பாவின் படுக்கைத் துணிகள். அவள் கவ்விகளைப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்பிப் பார்க்காமலே துணிகளை அவன் மடியில் போட்டாள். விரிப்பு, தலையணை உறை, இன்னொரு விரிப்பு. வெயில் சூடு இன்னும் இருந்தது. கருவி துணிக்குள் மறைந்துவிட்டது. கடைசியாகக் கோடு போட்ட பைஜாமாச் சட்டை வந்து குவியலின் உச்சியில் விழுந்து, வழுக்கப் பார்த்தது. டார்சி குனிந்து, அதைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.