பள்ளி விடும் நேரம்

சாம்பல் நிறக் காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. காலையில் அவளுடைய அண்ணனைச் சைக்கிளோடு தூக்கியடித்துவிட்டு நிற்காமல் போன கார் அது. இப்போது அவள் ஓட்டிய போலீஸ் ஜீப்புக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனில் வேறு டிரைவர் இல்லாததால் கான்ஸ்டபிளான அவளே வண்டியை எடுத்திருந்தாள்.

"விடாதம்மா, மிதி!" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த இன்ஸ்பெக்டர்.

மிதித்தாள். கார் சந்தையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியது. அந்தத் தெருமுனையில் பள்ளிக்கூடம். மணி மூன்றே முக்கால்.

"சார், ஸ்கூல் விட்டிருக்கும். இந்த நேரத்துல துரத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"சைரன் கேட்டா ஒதுங்கிடுவாங்க."

"சின்னப் பிள்ளைங்க சார். ஒதுங்காது, வேடிக்கை பார்க்க ரோட்டுக்கு ஓடி வரும்."

"உங்கண்ணனை அடிச்சவன்மா அவன்! இப்ப விட்டா கிடைக்க மாட்டான்."

அதுதான் அவளை உறுத்தியது. அடிபட்டது வேறு யாரோவாக இருந்தால் இவ்வளவு யோசித்திருப்பாளா? எப்போதோ நிறுத்தியிருப்பாள். ஊரார் வீட்டுக்கு ஒரு விதி, தன் வீட்டுக்கு ஒரு விதியா?

பிரேக்கை அழுத்தினாள். ஜீப் குலுங்கி நின்றது. சைரனை அணைத்தாள். கார் வளைவில் மறைந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். அலறல் எதுவும் கேட்கவில்லை.

"நிறுத்தச் சொன்னது நானில்ல," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் பேர்லயே எழுதித் தரேன் சார்."

மைக்கை எடுத்து, கார் போன திசையை மற்ற வண்டிகளுக்குச் சொன்னாள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனுக்குத் தொடை எலும்பில் ஆபரேஷன் முடிந்திருந்தது. விஷயம் அவளுக்கு முன்பே அண்ணியிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

"கைக்கெட்டுற தூரத்துல இருந்தானாமே?"

"ஆமா அண்ணி."

"துரத்தியிருந்தா எந்தப் பிள்ளையாவது அடிபட்டிருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் விட்ட?"

"தெரியாததாலதான் அண்ணி."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதினோரு நாள் கழித்து, நசுங்கிய காரை ஒரு பட்டறையில் விட வந்தவனைப் பிடித்தார்கள். அதைச் சொல்ல அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அண்ணி கேட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"நான் நடக்க ஆறு மாசமாம். உங்கண்ணி பேசத்தான் எத்தனை மாசம்னு அவருக்கே தெரியலை."