நான்காம் பாகத்துக் கரடிக்கோட்டு

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரி பார்ப்பதைவிட அது மேல். 'வெள்ளிச் சுக்கான்' என்ற வீடியோ கேம் தொடரின் பதினொரு பாகங்களில் எனக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை தரும்படி பத்திரிகைக்கார நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டு பக்கம் போதும் என்றார். உட்கார்ந்தேன். 'முதலிடம்: நான்காம் பாகம்' என்று எழுதினேன். உடனே நுமாதா கோஹேயின் முகம் நினைவுக்கு வந்தது. கட்டுரை அத்தோடு படுத்துவிட்டது.

(அப்படி ஒரு தொடரைத் தேடாதீர்கள், கிடைக்காது. நான் இட்டுக்கட்டியது. உண்மையான தொடர் ஒன்றின் பெயரைச் சொல்லியிருந்தால் இந்நேரம் உங்களில் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு வரிசையைப் பற்றிச் சண்டைக்கு வந்திருப்பீர்கள். எங்கள் கூட்டத்தை எனக்குத் தெரியும்.)

2.

முதல் தொடக்கம்:

நகோயாவின் ஓசு கடைத்தெருவில் மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், நெஞ்சில் சொல்ல முடியாத பாரத்தோடு நுமாதா

ஓசு கடைத்தெருவுக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் என்ன, ஓய்ந்தால் என்ன. பாரமும் நெஞ்சில் இல்லை, வயிற்றில்தான்: தடித்த ரொட்டி, வெண்ணெய், அதன்மேல் இனிப்பான சிவப்புப் பயறு விழுது. காலையில் காப்பி வாங்கினால் எங்கள் ஊரில் இதெல்லாம் சும்மா வரும்.

இரண்டாம் தொடக்கம்:

நுமாதா பல் செட் செய்பவர். ஊரார் கடிப்பதற்காகத் தன் வாழ்நாளை

வேண்டாம். இது வெறும் சாமர்த்தியம்.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. வேறு வழி இல்லாதபோது நான் அதைத்தான் செய்வேன்.

குராமோச்சியின் காப்பிக் கடையில் ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் நான்கு பேர் கூடுவோம்: கடைக்காரர் குராமோச்சி, நுமாதா, அவர் மனைவி சிகுசா, நான். எந்தப் பாகம் மேல், எந்தப் பாகம் கீழ் என்று சண்டை போடுவோம். சட்டம் இரண்டே. முடிக்காத பாகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முடிக்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. முதலாவதை மீறினால் காப்பி கிடையாது. இரண்டாவதை இதுவரை யாரும் மீறியதில்லை. ஆகவே அதற்கு என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியாது.

"இந்த வருஷமும் கடைசி இடம் நாலாவதுக்குத்தான்," என்றார் நுமாதா.

"அப்படி அது உன்னை என்னதான்யா பண்ணிச்சு?" என்றார் குராமோச்சி. "ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுது."

"கதை சரியில்ல."

"எந்த இடத்துல?"

"மொத்தமா."

சிகுசா காப்பியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: "இவன் அதை முடிக்கவே இல்ல. பாதியிலயே நிறுத்திட்டான். காலேஜ்ல படிக்கும்போது."

குராமோச்சி நுமாதாவின் காப்பிக் கோப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

3.

நான்காம் பாகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் ஒரு பெண் வருவாள். அவளுக்குப் பெயர் வைப்பது விளையாடுகிறவரின் பொறுப்பு. எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்தோம்: மனதில் இருந்த ஆளின் பெயரை வைத்தோம். பாதிக் கதையில், வடக்கே உறைந்த கடலில், கலங்கரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் தீவிலேயே தங்க வேண்டியிருக்கும். அவள் தங்குவாள். நுமாதாவின் திரையில் இப்படி ஒரு வரி வந்தது.

சிகுசா கப்பலை விட்டு இறங்கினாள்.

நுமாதா தனக்குக் கிடைத்ததிலேயே உயர்ந்த பொருளை, வெள்ளைக் கரடிக்கோட்டை, அவளுக்குத்தான் போட்டுவிட்டிருந்தார். கோடை விடுமுறையில் ராப்பகலாகக் கரடி கரடியாக அடித்துச் சேர்த்தது. ஆள் இறங்கினால் அவள் மேல் இருப்பதும் கூடவே இறங்கிவிடும்.*

* கேம் இதை முன்கூட்டிச் சொல்லாது. வாழ்க்கை மட்டும் சொல்கிறதா என்று இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

"அவ போயிட்டா," என்றார் நுமாதா.

"கோட்டோட," என்று திருத்தினார் குராமோச்சி. "இறங்கறதுக்கு முன்னாடி கழட்டி வாங்கிக்கணும்யா. சின்னப் பசங்களுக்கே தெரியும்."

"நான் வாங்கிக்கிட்டேன்," என்றார் சிகுசா. அவர் விளையாடியபோது அந்தப் பாத்திரத்துக்கு நுமாதாவின் பெயரை, கோஹேய் என்று, வைத்திருந்தார்.

"என்னை ஐஸ் மேல உள்பனியனோட விட்டுட்டுப் போனா இவ," என்று நுமாதா என்னிடம் முறையிட்டார். "போய் அடுத்த நிமிஷமே உட்கார்ந்து மீன் பிடிக்கிறா. நான் அங்க விறைச்சுப்போய் நிக்கிறேன், இவ மீன் பிடிக்கிறா!"

"மீன் பிடிச்சுத் தின்னா தாங்கும் சக்தி ஏறும். அடுத்து கடல்பாம்பு வருது. நான் என்ன, உக்காந்து ஒப்பாரி வைக்கணுமா?"

"கொஞ்சம் வச்சிருக்கலாம்."

நானும் குராமோச்சியும் சிரித்தோம். நுமாதா சிரிக்கவில்லை. சிகுசாவும் சிரிக்கவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

4.

சிகுசா உறைமீன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். குஷிரோ கிளைக்குத் தலைவராகப் போகும்படி தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. குஷிரோ, வடகோடித் தீவான ஹொக்கைதோவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பனிமூட்டமும் மீனும்தான் ஊர். மூன்று வருடம். எங்கள் நாட்டில் இப்படிப்பட்ட மாற்றல் வந்தால் ஒருவர் பெட்டி கட்டுவார், மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் பெட்டி கட்டுவது கணவன். இந்த வீட்டில் முறை மாறி வந்திருந்தது.

"எனக்குப் போகணும்," என்றார் சிகுசா. எங்கள் எதிரிலேயே சொன்னார். "அந்த நாற்காலிக்காக எத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்னு இவனுக்குத் தெரியும். ஆனா இவனை விட்டுட்டுப் போனா என்ன ஆவான்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. கேம்ல நான் இறங்கினதுக்கே முப்பது வருஷமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்."

பிறகு கணவனைப் பார்த்தார்.

"நாலாவதை முடி. திங்கட்கிழமைக்குள்ள. முடிச்சா போறேன். இல்லன்னா வேண்டாம்னு சொல்லிடறேன்."

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. கிளைத் தலைவராகப் போகிற ஒருவர் தன் வேலையை ஒரு விளையாட்டின் மேல் பந்தயம் வைப்பாரா? நியாயமாகப் பேசும் சிகுசாவை எழுதிப் பார்த்தேன். "நாம் இருவரும் அமர்ந்து இதன் சாதக பாதகங்களை

நுமாதா அதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார். பழைய சிகுசாவையே திரும்ப அழைத்துக்கொண்டேன். முப்பது வருடமாக ஒருவனை அறிந்தவருக்கு அவனை எதில் அளக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

குராமோச்சி உள்ளே போய் நான்காம் பாகத்தின் பழைய கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தார். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் உள் பேட்டரியை அவரே மாற்றியிருந்தார். காப்பியையும் திருப்பிக் கொடுத்தார். ஆறியிருந்தது.

5.

வீட்டில், பெயர் கேட்கும் திரை வந்தது.

"இந்தத் தடவையாவது வேற பேரு வை," என்றார் சிகுசா.

நுமாதா 'சிகுசா' என்று வைத்தார்.

அவருடைய சிக்கல் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். முடித்தால் அவள் போவாள். முடிக்காவிட்டால் இருப்பாள். இருக்க வைப்பதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, தோற்றால் போதும். அந்த வாரம் தோற்றார். பல் செட்டில் மயிரிழைப் பிசகும் பொறுக்காத அந்த மனிதர், முதல் தீவுத் தவளையிடம் அடிபட்டுச் செத்தார்.

"தவளைகிட்டயா?" என்றார் சிகுசா, துணி மடித்துக்கொண்டே.

"வேகமான தவளை."

"நாளைக்கு நத்தைகிட்ட செத்துடாத."

வெள்ளிக்கிழமை நுமாதா காப்பிக் கடைக்குத் தனியாக வந்தார். நானும் இருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றார். "கடைசியில அவ திரும்பி வருவாளா?"

குராமோச்சி கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

"அதைச் சொல்லக் கூடாது, நுமாதா-சான்," என்றேன்.

"தலையாட்டினா போதும்."

"தலையாட்டறதும் சொல்றதுதான்."

"எனக்கு அவ போகணும்னும் இருக்கு, போகக் கூடாதுன்னும் இருக்கு," என்றார் அவர். "ரெண்டும் ஒரே அளவு. இப்படி ஒரு மனுஷன் இருப்பானா?"

இருப்பான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவருக்கு நான் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களிடம் மறைப்பானேன். இந்தத் தொடரை உண்டாக்கியவன் நான். நான்காம் பாகத்தின் முடிவில் அவள் வருவாளா மாட்டாளா என்பது என் கையில்தான் இருக்கிறது. ஒரே வரியில் வரவழைத்துவிடலாம். எழுதியும் பார்த்தேன்: 'உறைந்த கடலின் மேல் ஒரு விளக்கு மெல்ல அசைந்து வந்தது, அதன் பின்னே

நிறுத்திவிட்டேன். வருவாள் என்று தெரிந்தபின் அனுப்புவதில் ஒரு மனிதனுக்கு என்ன பெருமை.

6.

வழக்கப்படி சில முடிவுகள்.

அ) சிகுசா வேக்குவம் கிளீனரைப் போடும்போது அதன் முனை கேம் பெட்டியில் இடிக்கிறது. திரை உறைந்து, சேமித்ததெல்லாம் அழிகிறது. யார் மேலும் குற்றம் இல்லை. போக வேண்டியதும் இல்லை. (எங்கள் தலைமுறையில் இப்படித் தம் உலகத்தை அம்மாக்களிடம் பறிகொடுக்காதவர் கிடையாது. நம்பத்தக்க முடிவு. கோழைத்தனமான முடிவும்கூட. என் கோழைத்தனம்தான், சிகுசாவுடையது அல்ல.)

ஆ) நுமாதா முடிக்கிறார், கண்ணீர் விடுகிறார், ரயில் நிலையத்தில் கையசைக்கிறார். (குஷிரோவுக்கு விமானத்தில்தான் போவார்கள்.)

இ) பத்திரிகைக்காரருக்குக் கட்டுரையையே எழுதிக் கொடுத்துவிடுவது.

நான் நடத்தியது இது.

ஞாயிறு மதியம். நுமாதா தவளைகளை ஒரே மூச்சில் கடந்து வந்துவிட்டார். கரடிக்கோட்டையும் சம்பாதித்துவிட்டார், வேண்டுமென்றே தோற்காதபோது அவர் நன்றாகவே விளையாடுவார். கப்பல், கலங்கரை விளக்கு இருக்கும் தீவில் நின்றது. இன்னும் ஒரு அடி வைத்தால் அந்த வரி வரும். சிகுசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

நுமாதா உடைமைகளின் பட்டியலைத் திறந்தார். சிகுசா என்ற பெயருக்குக் கீழே கரடிக்கோட்டு. அதன்மேல் அம்புக்குறி நின்றது.

"கழட்டு," என்றார் சிகுசா. "பின்னாடி கடல்பாம்பு இருக்கு. கோட்டு இல்லாம உன்னால தாங்க முடியாது."

நுமாதா பட்டியலை மூடினார்.

"டேய், கழட்டிக்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"குஷிரோல குளிரும்," என்றார் நுமாதா.

அந்த ஓரடியை வைத்தார்.

சிகுசா கப்பலை விட்டு இறங்கினாள்.

அந்த வரி திரையிலேயே நின்றது. பொத்தானை அழுத்தாதவரை அது போகாது. முப்பது வருடத்துக்கு முன் இங்கேதான் அவர் கேம் பெட்டியை அணைத்தார். சிகுசா திரையைப் பார்க்கவில்லை, அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அந்த விரலை நான் எழுதி அழுத்த வைத்திருக்கலாம். செய்யவில்லை. அவராகத்தான் அழுத்தினார்.

அடுத்த வரி வந்தது. சாதாரணமான வரி. காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்றது.

பிறகு சிகுசா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு ஆபீஸ்ல சரின்னு சொல்லிடறேன்."

"நான் இன்னும் முடிக்கலையே."

"நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன்."

"பாம்புகிட்ட தோத்துட்டா?"

"தோப்ப. கோட்டைக் குடுத்துட்டு நிக்கிற, வேற என்ன ஆகும்." சமையலறை வாசலில் நின்று திரும்பினார். "முதல்ல மீனைப் பிடி. தெற்குக் கரையில நல்லா கடிக்கும். அணைக்கும்போது ரீசெட்டை அழுத்திப் பிடிச்சுக்கோ, இல்லன்னா எல்லாம் போயிடும்."

"தெரியும்."

"தெரியும்பான்," என்று உள்ளே போனார்.

7.

சிகுசா குஷிரோவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து குராமோச்சியின் கடைக்குக் காய்ந்த மீன் ஒரு பெட்டி வந்தது. நாங்கள் தின்றுகொண்டிருக்கிறோம். மூன்று வருடம் கழித்து அந்த நாற்காலியை விட்டு எழ அவருக்கு மனம் வருமா, வராதா என்று ஒருவரும் ஒருவரையும் கேட்டுக்கொள்வதில்லை.

நுமாதா தெற்குக் கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறார். பாம்பிடம் இரண்டொரு முறை தோற்றார். இந்தத் தடவை உண்மையான தோல்வி. நான்காம் பாகத்துக்கு எந்த இடம் என்று கேட்டால், முடிக்காத பாகத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்கிறார். அவருக்கு இப்போது காப்பி உண்டு.

முடிவை நான் எழுதப் போவதில்லை. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு, தீவில் நிற்கிறவள் கோட்டோடு திரும்பி வருவாளா இல்லையா என்று இந்நேரம் ஒரு முடிவு தெரிந்திருக்கும். தெரிந்தால் அதை உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓசுப் பக்கம் வந்து அவரைப் பார்க்க நேர்ந்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். தலையாட்டவும் வேண்டாம். அவர் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார்.