பூரண சுகமும் பதினாலு சதவீதமும்

சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்டபோது மனுவேல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மராத்தி ஊரான தாபோடியின் தமிழ்ச் சபையில் விபத்திலிருந்து பிழைத்து வந்தவன் சாட்சி சொல்லாமல் தப்பிக்க முடியுமா? கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் அவனுடைய வலது கை விரல்கள் இரண்டை நசுக்கிய நாளிலிருந்து சபையே அவனுக்காக ஜெபித்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் வேறு. பட்டினி கிடந்தவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டாமா? எழுந்தான். மைக்கை இடது கையில் வாங்கினான்.

ஆட்காட்டி விரலின் நுனி போனது எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருந்ததும் பக்கத்து நடுவிரலும் மடங்காமல் விறைத்து நிற்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது அவன் நினைப்பு. பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பைபிளை இடுக்கிக்கொண்டு கையை உயர்த்தினான். பார்க்கிறவர்களுக்குக் கை நன்றாகப் பிடிக்கிற மாதிரியே இருந்தது. கர்த்தர் பூரண சுகம் தந்தார் என்று ஆரம்பித்தான். அதோடு நிறுத்தினானா பாவி மனுஷன்? ஆமென் சத்தம் ஏற ஏற இவனுக்கும் உற்சாகம் ஏறியது. டாக்டரே அசந்துபோனார் என்றான். இப்போது பிரஸ் மெஷினில் விட்டால்கூட முன்னைவிட வேகமாக ஓட்டுவேன் என்றான். பாடல் குழுவில் சலங்கை கோத்த தம்பூரின் தட்டும் ஜெனிபர், ஆஸ்பத்திரி நர்ஸாக மூன்று மாதம் அதே கைக்குக் கட்டு மாற்றியவள் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு உறைக்கவே இல்லை. அவளும் சத்தமாகத்தான் ஆமென் சொன்னாள்.

சபையின் வீடியோ வேலைகளைப் பார்க்கும் ஜெரோஷ் சாயங்காலமே அதை யூடியூபில் ஏற்றிவிட்டான். மனுவேலின் கையைச் சுற்றி மஞ்சள் ஒளி. மேலே சிவப்பு எழுத்தில், 'நசுங்கிய விரல்கள் உயிர் பெற்றன'.

இரண்டு வாரம் கழித்து கம்பெனி ஆபீசில் தேஜஸ்வினி மேடம் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தாள். மெடிக்கல் போர்டு முன்னால் கையைக் காட்ட வேண்டுமாம். இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. லீவில் இருந்தபோது தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயிலிருந்து சம்பளத்தில் முக்கால்வாசிக்கு மேலேயே வந்துகொண்டிருந்தது, வேலைக்குத் திரும்பியதும் நின்றது, அத்தோடு கணக்கு தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தான். மேடம் பொறுமையாகச் சொன்னாள். அது வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு. இது கையில் நிரந்தரமாகப் போனதற்கு. எத்தனை சதவீதம் போனது என்று போர்டு சொல்லும், அதற்கேற்ற தொகை ஆயுசு முழுக்க மாதாமாதம் வரும், வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாம். பாதுகாப்புத் தடுப்பை இறக்காமல் மெஷினுக்குள் கையை விட்டது தன்னுடைய தப்புதானே என்று மனுவேல் மெதுவாக இழுத்தான். அதை யாரும் கேட்கப் போவதில்லை என்று மேடம் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவி பிலிஸிடம் சொன்னான். பிரஸ்ஸிலிருந்து ஸ்டோருக்கு மாற்றியதிலிருந்து ஓவர்டைம் கிடையாது. மகள் கிளாரிசாவின் காலேஜ் ஃபீஸ் அந்த ஓவர்டைமை நம்பித்தான் இருந்தது. பிலிஸ் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பூரண சுகமான கைக்கு எவன் சதவீதம் போடுவான்? அந்த வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உங்களுக்கு?"

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி ஜெரோஷிடம் போனான். நாலாயிரம் பேர் பார்த்தாச்சு அங்கிள், கனடாவிலிருந்து ஒருத்தர் ஜெபம் கேட்டிருக்கிறார், பாஸ்டர் ஏன் எடுத்தாய் என்று கேட்டால் நான் என்ன சொல்ல என்றான் அவன். மனுவேல் திரும்பி நடந்தான். மடங்கவில்லை என்று போர்டில் சொன்னால் தேவ சந்நிதியில் பொய் சொன்னவன் ஆகிறான். மடங்குகிறது என்றால் மகளின் படிப்பு நடுவில் நிற்கும். நன்றாக மாட்டிக்கொண்டான்.

போர்டு கூடிய அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே முனகல். வெளியே வண்டிக்கடையில் நின்றபடி வடாபாவ் சாப்பிட்டுவிட்டு விறுவிறுவென்று வந்த ஒரு ஆள், கதவுக்கு நாலடி முன்னால் நொண்ட ஆரம்பித்தான். மனுவேல் மட்டும் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பேரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று டாக்டர்கள். அவர்கள் பக்கத்தில் ஃபைலோடு நின்றது ஜெனிபர்.

பெரிய டாக்டர் கையை மூடச் சொன்னார். மனுவேல் மூடினான். மூன்று விரல் மடங்கியது, இரண்டு விரல் அவரையே பார்த்தபடி நின்றது. ஜெனிபர் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் பல்லைக் கடித்து இன்னும் அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. இடது கையால் அந்த இரண்டையும் பிடித்து அமுக்கப் போனான். காலையிலிருந்து இருபது பேர் ஊனத்தை நடித்துக் காட்டிய அறையில் ஊனமே இல்லை என்று நடிக்க வந்தவன் இவன் ஒருத்தன்தான். டாக்டர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வலிக்கிறதா என்று ஒருவர் மராத்தியில் கேட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மராத்தி புரியாமலா? ஆனாலும் ஊமை மாதிரி நின்றான். தமிழில் கேட்கட்டுமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு ஜெனிபர் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு ஆமென் சொன்னதும் நான்தான், மூணு மாசம் கட்டு மாத்தினதும் நான்தான். எனக்குத் தெரியாதா? உள்ளதைச் சொல்லுங்க. கர்த்தர் ஒண்ணும் கோவிக்க மாட்டாரு."

மனுவேல் கையைப் பார்த்தான்.

"மடங்கலை சிஸ்டர்," என்றான். "வலிக்கி. சட்டைப் பொத்தான் கூட பிலிஸ்தான் போட்டுவிடுதா."

விபத்து நடந்த இந்த எட்டு மாதத்தில் வெளி ஆள் ஒருத்தரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்னதும் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பெரிய டாக்டர் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினார்.

பதினாலு சதவீதம் என்று கடிதம் வந்தது. பிலிஸ் அதை இரண்டு தடவை படித்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். கிளாரிசாவின் அடுத்த ஃபீஸுக்குக் கை கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால், ஜெனிபர் சொன்னாளோ பிலிஸே சொன்னாளோ, பாஸ்டர் எல்லோரையும் விட்டுவிட்டு இவனைப் பார்த்தார். பிரதர் மனுவேலுக்குக் கர்த்தர் மறுபடியும் ஒரு நன்மை செய்திருக்கிறாராம், வந்து சொல்ல வேண்டுமாம். வேண்டாம் என்று பிலிஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எழுந்துவிட்டான். பழக்கதோஷத்தில் பைபிளை இடுக்கிக்கொண்டு நாலடி நடந்தவன் நின்றான். திரும்பி வந்து அதை அவள் மடியில் வைத்தான்.

ஜெரோஷ் கேமராவைத் திருப்பினான். ஜெனிபர் தம்பூரினை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மைக்கை இடது கையில் வாங்கிய மனுவேல் வெறும் வலது கையை எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கி மெதுவாக மூடினான். ஆமென் சொல்லத் திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன. மூன்று விரல் மடங்கியது. இரண்டு விரல் மின்விசிறியைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.