தெற்கே போட்ட அம்பு

வெள்ளிக்கிழமை மத்தியானம் வடாலா மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் டிபன் டப்பாவைத் திறந்த சஃப்ரீன், முதல் கவளத்தை எடுத்த கையோடு அப்படியே இருந்துவிட்டாள். எதிர்ச் சுவரில் அவள் வரைந்த கடல் வரைபடம். பெரிய தீவிலிருந்து தெற்கே சின்னத் தீவுக்கு ஒரு சிவப்பு அம்பு. பெரிய தீவின் பாறைகளில் பொரிக்கும் சிங்கி இறால் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து சின்னத் தீவில் போய்ச் சேருகின்றன என்று அதற்கு அர்த்தம். அம்பின் அடியில் பொடி எழுத்தில் 'எட்டு மாதம்' என்று இருந்தது. அதை எழுதியதும் அவள்தான். நேற்று அந்த எழுத்து மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

அவள் கணவன் ஆஷிக் தாராவியில் என்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். இறால் வியாபாரி நயினார் அண்ணாச்சியின் படகில் என்ஜினைப் பார்த்துக்கொள்ளத் தீவுக்குப் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை, பெரிய தீவுக்குப் பக்கத்தில் என்ஜின் நின்றுவிட்டதாக ஒயர்லெஸ்ஸில் ஒரு செய்தி. அதோடு சரி. மெக்கானிக் ஏறிய படகில் என்ஜின் நின்ற கதையைச் சொல்லிச் சொல்லி அவனை ஓட்ட வேண்டும் என்றுதான் முதல் நாள் நினைத்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலத்துக்குமேல் அந்த நினைப்பு வரவில்லை. பயம்தான் இருந்தது.

நேற்று அண்ணாச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். "கப்பல்காரங்களும் தேடுதாங்க. கடல் பெருசுல்லா. தேடுததுக்குத் தீவுல நானும் ரெண்டு போட்டு வாடகைக்குப் பிடிச்சிருக்கேன். நீதான அந்தக் குஞ்சு எங்க போகுதுன்னு கணக்குப் போடுத. நம்ம போட்டு எந்தப் பக்கம் போயிருக்கும்?"

"தெக்க," என்று அவள் உடனே சொன்னாள். அந்தப் படத்துக்காக மூன்று வருடம் உழைத்தவள் யோசிக்க என்ன இருக்கிறது? ஆஷிக்கின் உம்மா சுலைகா, "எம் மருமவ சொன்ன பக்கந்தான் தேடுதாவ" என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இன்று ஜும்ஆ தொழுகையில் அவனுக்காக துஆ கேட்கவும் ஏற்பாடு செய்திருந்தாள். "நீ ஆபீஸுக்குப் போளா. மேப்பு அங்கதான இருக்கு," என்று காலையில் டிபன் கட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

குஞ்சுகள் நேராகத் தெற்கே போவதில்லை. இப்போது நவம்பர், நீரோட்டம் வடக்கே இழுக்கும். மாதக்கணக்கில் அங்கேயே சுற்றிக் கிடந்து, மழைக்காலத்தில் நீரோட்டம் திரும்பிய பிறகுதான் தெற்கே வந்து சேரும். புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் மட்டும் அம்பு இணைக்கிறது. குஞ்சுக்கு எட்டு மாதம் உண்டு. ஆஷிக்குக்கு இன்றோடு மூன்று நாள். படகில் நாலு பேர், எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

கையைக் கழுவாமலே போனை எடுத்தாள்.

"அண்ணாச்சி, நான் தப்பாச் சொல்லிட்டேன். வடக்க போயிருக்கும்."

"ரெண்டு போட்டும் விடியக்காலமே தெக்க போயிருச்சேம்மா."

"திருப்பச் சொல்லுங்க. இப்பவே."

"சொல்லலாம். ஆனா மிச்ச டீசலுக்கு ஒரு பக்கந்தான் போவ முடியும். இங்கனயும் இல்ல, அங்கனயும் இல்லன்னு ஆயிரக் கூடாதுல்லா. நேத்தும் அடிச்சுத்தான சொன்ன. இப்ப பக்காவா? ஒயர்லெஸ்காரர் இன்னொரு போன்ல நிக்காரு."

காதில் இடையிடையே பீப் சத்தம். திரையில் 'மாமி' என்று வந்தது, சுலைகாதான். தொழுகை முடிந்திருக்கும். அவன் கிடைத்துவிட்டானா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள். சஃப்ரீன் எடுக்கவில்லை.

மேஜைமேல் ஸ்பிரிட் ஊற்றிய சீசாவில் ஒரே ஒரு குஞ்சு கிடந்தது. கண்ணாடித் தாளை வெட்டிப் போட்டதுபோல் தட்டையான உடம்பு. உற்றுப் பார்த்தால் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், அதன் கண்கள்.

"வடக்க," என்றாள்.

போனை மேஜைமேல் வைத்த வேகத்தில் சீசா ஆடியது. குஞ்சு மெல்லச் சுழன்று, கண்கள் அவள் பக்கம் வந்து, நிற்காமல் மறுபடி திரும்பிப் போயின.