இரண்டாவது வரிசை, மூன்றாவது இடம்

...கொடுக்கவே மாட்டேன், கொடுத்தால் நான் ஃபெம்கே இல்லை, என்று சொல்லிக்கொண்டே பனியில் காலை அழுத்தி ஊன்றி நடந்தாள், கையில் கணப்புப் பெட்டி, மரப்பெட்டிக்குள் மண்சட்டி, சட்டிக்குள் அடுப்பிலிருந்து வாரிப்போட்ட கங்கு, பிரசங்கம் முடிய இரண்டரை மணி நேரம், அதுவரை கால் விறைக்காமல் இருக்க இதை விட்டால் வேறு என்ன கதி, புருஷன் ரால்ஃப் அடித்துக் கொடுத்த பெட்டி, மேலே ஐந்து ஓட்டை போடச் சொன்னால் ஒன்பது போட்டிருக்கிறான், புகை மூக்கில் ஏறுகிறது, இங்கிலீஷ்காரனுக்கு என்ன தெரியும், கோட்டை வாசலில் துப்பாக்கியோடு நிற்கத் தெரியும், நேற்று ராத்திரி சாப்பாட்டில் சொல்கிறான், விடேன்டி, கோயில்ல உக்கார ஒரு பலகைதானே, நான் உனக்கு முழுசா ஒரு பெஞ்சே அடிச்சுத் தரேன்னு. பலகையாம். நல்ல மனுஷன்தான், சூப்பை ஊற்றினால் ஊற்றினபடி குடிப்பான், ஆனால் இந்த விஷயம் அவன் மண்டையில் ஏறாது, அவன் ஊரில் பெண்டாட்டி என்றால் புருஷனின் நிழல், இங்கே கோயிலில் நடுக்கூடம் முழுக்கப் பெண்களுக்கு, ஆண்கள் சுவரோரம், ஒவ்வொருத்திக்கும் அவள் பேரிலேயே ஒரு இடம், புருஷன் பேரில் இல்லை, அவள் செத்தால் மகளுக்கு. அந்த மகள் ஒரு வருஷம் ஆறு வாரத்துக்குள் வந்து உட்கார்ந்து பேரைப் பதியவைக்க வேண்டும், இல்லாவிட்டால் சபையை நடத்துகிற மூப்பர்கள் இஷ்டப்பட்டவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மா செத்து இன்றோடு ஒரு வருஷம் ஆறு வாரம்.

ஏன் இத்தனை நாள் போகவில்லை... பனி, சின்னவளுக்கு இருமல், ஆற்றில் வெள்ளம், அப்புறம் மறுபடியும் பனி, பொய், எல்லாம் பொய், யாரிடம் இந்தக் கதை, எட்டு வருஷமாகக் கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவளுக்குப் பனியாம் இருமலாம். அம்மா அங்கே இருந்தாள், அதனால் போகவில்லை. இப்போது இல்லை, அதனாலும் போகவில்லையா? சீ, என்ன கேள்வி இது. செவ்வாய்க்கிழமை போய் மூப்பர் புளூமிடம் நேருக்கு நேர் கேட்டாளா இல்லையா, எங்கம்மா இடம் எனக்கு வேணும் என்று, அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இரண்டாவது வரிசை மூன்றாவது இடம் இப்போது என் மனைவி பேரில் இருக்கிறது, ஏட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் பாரம்மா என்று ஆரம்பித்தார், ஆனால் என்ன ஆனால், அவள் மீதியைக் கேட்க நிற்கவில்லை, கதவை அடித்துச் சாத்திய வேகத்தில் உள்ளே நீலத் தட்டு ஏதோ விழுந்து உடைந்தது, உடையட்டும். கெடு முடிவதற்குள்ளேயே பிடுங்கிக்கொண்டார்கள், சிப்பாயைக் கட்டிக்கொண்டவள்தானே, கேட்க நாதியில்லை என்று நினைப்பு.

ரொட்டிக்கடைத் தெரு வந்தது. கடை இப்போது வேறு யாருடையதோ, ஆனாலும் அதே புகைபோக்கி, அதே வாசல். அந்த வாசலில் மாவுக் கையோடு நின்றுதான் அம்மா சொன்னாள், "அந்தச் செவப்புச் சட்டைக்காரனோட போனா, திரும்பி இந்த வாசல்ல வந்து நிக்காத." கப்பல் வந்து இங்கிலீஷ்காரன் டச்சுக்காரர் ஊரைப் பிடித்து, பெவர்வைக் என்ற பேரை ஆல்பனி என்று மாற்றி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம், ஊரே வயிறெரிந்துகொண்டிருந்தது, அம்மாவுக்கு மட்டும் எரியாதா. இவளும் லேசுப்பட்டவளா, "நீயா வந்து கூப்பிடற வரைக்கும் நிக்க மாட்டேன்" என்றாள். அம்மா கூப்பிடவில்லை, இவள் நிற்கவில்லை. இருபது வீடு தள்ளி ஏழு வருஷம். சந்தையில் எதிரே வந்தால் வேலிக்கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவாள் கிழவி, ஒரு கால் இழுத்து இழுத்து, இழுத்தாலும் தலை மட்டும் நிமிர்ந்தே இருக்கும். அடக்கத்துக்குச் சொல்ல வந்த ஆள் கறுப்பு அங்கியோடு எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினான், இவள் கதவை மட்டும் தாண்டிப் போய்விட்டான். யார் சொல்லி அப்படிச் செய்தான்? அம்மாவா? சாகும்போதுமா? அதைக் கேட்கவும் அவள் போகவில்லை.

கோயில் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பேச்சு நின்றது. நிற்கட்டும், பார்க்கட்டும், புகை வருகிற பெட்டியையும் பார்க்கட்டும். இரண்டாவது வரிசை, பிரசங்க மேடைக்கு நேர் எதிரே, ஊரில் அதைவிட நல்ல இடம் கிடையாது, ரொட்டி விற்றே அம்மா வாங்கினது, ஒரு ஆண்பிள்ளை தயவு இல்லாமல். அதன்மேல் பச்சை மெத்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தாள், உட்கார்ந்தாள், பெட்டியை அடியில் தள்ளிக் காலை மேலே வைத்தாள், இனி கட்டித் தூக்கினாலும் எழுந்திருக்கப் போவதில்லை. கோயில் ஏட்டைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ஓடி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பின்னாலேயே மூப்பரின் மனைவி லைஸ்பெட் மூச்சு வாங்க வந்தாள். சண்டைக்கு வாயைத் திறக்கத் தயாராக இருந்தாள் ஃபெம்கே, ஆனால் கிழவி முகத்தில் கோபத்தைக் காணோம், அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஃபெம்கே, இத உங்கம்மாகிட்டேருந்து யாரும் புடுங்கல. அவளே வந்து மாத்திக்கிட்டா. நீ போன அந்தக் குளிர்காலமே. என் இடம் அப்போ பின்னாடி தூணோரம் இருந்துச்சு, 'அத எனக்குக் குடு, நீ இத வச்சுக்கோ'ன்னா. பைத்தியமான்னு கேட்டேன். குடுக்கறியா இல்லையான்னா."

"பொய்."

"ஏட்டுல அவ கைநாட்டு இருக்கு. அந்தத் தூணோரம்தான் உன்னுது. இன்னும் யாரும் உக்காரல."

எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்தாள், எழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாக் கண்ணும் பார்க்க, தலையைத் தாழ்த்தாமல் கடைசி வரிசைக்கு நடந்தாள். "பேரை எழுதிக்கோ," என்றாள் கோயில்பிள்ளையிடம், "என் பேரு, என் புருஷன் பேரு இல்ல." உட்கார்ந்தாள். என்ன இடம் இது, எதிரே தூண், போதகரின் மேடை துளிகூடத் தெரியவில்லை, கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் குளிர் முழங்காலில் அறைகிறது. கீழே பலகையில் கணப்புப் பெட்டி வைத்து வைத்துக் கருகிய சதுரம், தன் பெட்டியை அதன்மேல் வைத்தாள், சரியாகப் பொருந்தியது. இரண்டாவது வரிசையைக் கொடுத்துவிட்டு, இழுக்கிற காலோடு இந்தக் குளிரில் எதற்கு... மனுஷிக்கு என்ன வீம்பு, வெட்கமா, ஊர் முகத்தில் முழிக்கக் கூசியா, அம்மாவாவது கூசுவதாவது. தூணைப் பார்த்தாள். இடது பக்கம் ஆண்களின் பெஞ்சு. வலது பக்கம் திரும்பினால் கதவு மட்டும்தான். உள்ளே வருகிற எல்லாரும், காலில் பனியை உதறுவதிலிருந்து, முகம் முகமாகத் தெரிந்தார்கள். மொத்தக் கோயிலில் இங்கேயிருந்து மட்டும்தான் கதவு இப்படித் தெரியும் போலிருக்கிறது.

ஏழு வருஷம், ஞாயிறுதோறும். நான் வந்தால் முதலில் பார்க்கவா... வந்தால் எல்லாருக்கும் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவா? எதற்கு என்று யாரைக் கேட்பது. வாய் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம் இல்லையா, இருபது வீடுதானே, நானும்தான், நானும்தான் இருபது வீடு, மாட்டேன், அழமாட்டேன், இந்த ஊர் பார்க்க அழமாட்டேன், புகைதான் இது, ஒன்பது ஓட்டை போட்டவனைச் சொல்ல வேண்டும். தூணுக்கு அந்தப் பக்கம் போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லாரும் தலை குனிந்தார்கள். வலது பக்கம் கதவு கிறீச்சென்றது, யாரோ தாமதமாக வருகிறார்கள். யார் என்று பார்க்க அவள் தலை தானாகத் திரும்பியிருந்தது.