சுலோசனா வீட்டு மகிழம்பழம்

மகிழங்கன்றை நட்டது எந்த ஆண்டு என்று எனக்குச் சரியாக நினைவில்லை. 2011 என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். கன்றைச் சந்திரகிரியில் வாங்கினார்களா, புத்தூரிலா என்பதும் மறந்துவிட்டது. நகரியில் சுலோசனா வீட்டு மகிழ மரத்தின் நிழலுக்குள் தறிச் சத்தம் நுழைவதில்லை என்பது மட்டும் உறுதி. ஒரு காலை நிழலுக்கு வெளியே வைத்தால் தெரு முழுக்க விசைத்தறி இரையும். உள்ளே இழுத்துக்கொண்டால் பூ உதிர்வது கேட்கும்.

அழகுக்காகத்தான் நட்டாள். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் என்றார்கள். மாங்கன்று வைத்திருந்தால் ஊறுகாயாவது போடலாம், இந்த விரல்நுனிப் பழத்தை எந்தப் பல்லில் வைப்பது என்று பக்கத்து வீட்டு லட்சுமம்மா கேட்டாள். ஏழாம் ஆண்டு காய்த்தது. பழத்தை வாயில் போட்டவர்களுக்குப் பல்லுக்குள் தறி ஓடியது. மரம் விழுங்கிய சத்தம் எங்கேயாவது போகத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்களும், போனில் சம்பந்தம் பேசுகிறவர்களும் மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள்.

சுலோசனாவின் கணவர் வேதாச்சலம் பின்கட்டுக் கொட்டகையில் நான்கு தறி ஓட்டினார். தறி இரைச்சலில் பேச்சு எடுபடாது; மனைவியைக் கைதட்டித்தான் கூப்பிடுவார். அவளைப் பெயர் சொல்லி அழைத்தது மரத்தடியில் மட்டும்தான்.

பத்தாம் ஆண்டு நிழல் வளர்ந்து கொட்டகையை மூடியது. தறிகள் ஊமையாக ஆடின. இழை அறுந்தால் தறியின் தாளம் மாறும், கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரியும், கை போய் நிறுத்தும். இப்போது அறுந்ததே தெரியாமல் முழம் முழமாகத் துணி பழுதானது. தறியில் ஏற்றிய இரண்டாவது பாவு நூலும் வீணானபோது வேதாச்சலம் ரம்பத்தோடு வந்தார்.

"இன்னொரு பாவு போச்சின்னா நூலு குடுக்க மாட்டாங்க. கேக்காத தறிய எப்டி ஓட்டறது, நீயே சொல்லு."

"வெட்டிட்டா மறுபடியும் கையத்தான் தட்டுவ."

சொல்லிவிட்டு அவள் ஒரு பழத்தைப் பறித்து, மகள் பெயரால் அவரை அழைத்தாள்.

"உதயா நைனா, இத்த வாயில போட்டுக்கினு போ. அப்பறமா வந்து வெட்டு."

பழத்துக்குள் ஓடியது அவருடைய தறிகள்தான். மதியம் மூன்றாம் தறியில் இழை அறுந்தது. பழத்துக்குள் தாளம் தப்பியது. கை போய் நிறுத்தியது.

அதன்பின் மரம் எல்லா மாதமும் காய்த்தது. மகள் உதயா திருப்பதியில் வேலை செய்கிறாள். லட்சுமம்மா ஒரு கன்று வாங்கிப்போய் வைத்திருக்கிறாள். ரம்பம் துருப்பிடித்துவிட்டது. வேதாச்சலம் கன்னத்தில் பழத்தை ஒதுக்கிக்கொண்டு நான்கு தறியும் ஓட்டுகிறார். சாப்பாட்டு வேளையில் கொட்டையைத் துப்பிவிட்டு, தறி ஆடிக்கொண்டிருக்கும்போதே, சுலோசனா என்று மெதுவாகக் கூப்பிடுகிறார். அவளுக்குக் கேட்கிறது.